பணப்பெட்டியும் நாடக மேடையும்: ஷேக்ஸ்பியர் கால இலண்டன் அரங்கின் உடைமை உறவுகள் பற்றிய சில சிந்தனைகள்

நாடகத்தையும் பணத்தையும் இணைத்துக் கூறப்படும் செய்திகள் நம்மிடையே பெரும்பாலும் பொது அறிவுத் துணுக்குகளாகவே வழங்கி வருகின்றன. ஷேக்ஸ்பியர் காலத்து இலண்டனில் ஒரு பெனி கொடுத்தவர் நின்றுகொண்டே நாடகம் பார்த்தார். நாடகமொன்றை எழுதியவருக்குக் கிடைத்த ஊதியத்திலும் அந்நாடகத்தின் பெண் பாத்திரத்துக்குத் தைத்த உடுப்பின் செலவு கூடியது. குளோப் அரங்கு 1613 இல் நாடகத்திற் சுடப்பட்ட பீரங்கியின் பொறியால் எரிந்தது என்பன போன்றவை வினாவிடை நூல்களிலும் மாணவர் போட்டிகளிலும் அடிக்கடி இடம்பெறுவன. இவற்றுட் பெரும்பாலானவை உண்மையே. சில பாதி உண்மை. வாயிலிற் காசு வாங்கியோர் தம் கையிலிருந்த மண் உண்டியல்களை ஓர் அறையிற் சேர்த்து உடைத்தமையாலேயே ‘பொக்ஸ் ஒபிஸ்’ என்ற பெயர் உண்டாயிற்று எனக் கூறப்படுவது அத்தகையதொரு பாதி உண்மையாகும். மண் உண்டியல்கள் இருந்தமை மெய். 1989 இல் தேம்ஸ் நதியின் தென்கரையில் றோஸ் அரங்கின் அத்திவாரம் அகழப்பட்டபோது அவற்றின் ஓட்டுத் துண்டுகள் கிடைத்தன. ஆயின் அச்சொற்றொடர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே எழுத்திற் காணப்படுகிறது. வசதி படைத்தோர் முற்கூட்டியே பதிவுசெய்துகொண்ட தனி இருக்கைக் கூடங்களின் பெயரிலிருந்து அது பிறந்ததாகக் கொள்வதே பொருத்தமானது.

பெயரின் பிறப்பு எவ்வாறாயினும், உண்டியலை உடைத்தபின் உள்ளிருந்த காசு யாருக்கு எந்த விகிதத்திற் பங்கிடப்பட்டது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா. மேற்கூறிய துணுக்குகளைத் தனித்தனியே இரசிக்கும் வாசகன் இவ்வினாவை எழுப்புவதில்லை. பெனிக்கும் உடுப்புக்கும் நாடகாசிரியனின் ஊதியத்துக்கும் இடையே நிலவிய உறவு அவனுக்குப் புலப்படாமற் போய்விடுகிறது. 1576 முதல் 1642 வரை இலண்டனில் இயங்கிய தொழில்முறை அரங்கின் உடைமை உறவுகள் எத்தகையன, அவை நாடக இலக்கியத்தின் ஆக்கத்தையும் பேணலையும் எவ்வளவு தூரம் நிர்ணயித்தன என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முனைகிறோம்.

தமிழில் ஷேக்ஸ்பியர் பற்றி எழுந்த ஆய்வுகளுள் முன்னோடியான நூல் விபுலாநந்த அடிகள் இயற்றிய மதங்க சூளாமணி ஆகும். 1926 இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்த அந்நூலில், ‘செகசிற்பியார்’ எனத் தாம் பெயரிட்டழைத்த ஆசிரியரின் நாடகங்களை அடிகளார் வடமொழி நாடகவியற் கோட்பாடுகளோடு பொருத்தி நோக்கினார். அவரது அக்கறை நாடகத்தின் கட்டமைப்பையும் சுவையையும் பற்றியது. பின்வந்த முற்போக்கு விமரிசனமோ நாடகங்களின் உள்ளடக்கத்திலே வர்க்க முரண்பாடுகளைத் தேடிற்று. இரண்டும் பயனுள்ள பணிகளே. எனினும் அரங்கு ஒரு தொழிற்றலம், அங்கே கூலி, கடன், குத்தகை, இலாபம் என்பன இருந்தன என்ற உணர்வு இரு நெறிகளிலும் போதியளவு இடம்பெறவில்லை என்றே கூறத் தோன்றுகிறது.

முதலில் அக்காலச் சட்ட நிலையை நோக்குவோம். 1572 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, பிரபு ஒருவரின் ஆதரவைப் பெறாத நடிகர் நாடோடிகளாகக் கருதப்பட்டுச் சவுக்கடிக்கும் காதிற் சூடு வைக்கப்படுவதற்கும் உரியவராயினர். எனவே ஒவ்வொரு குழுவும் ஒரு பிரபுவின் ‘பணியாளர்’ என்ற பெயரைத் தாங்கவேண்டியிருந்தது. அட்மிரல் பிரபுவின் குழு, சேம்பர்லேன் பிரபுவின் குழு என்பன இவ்வாறு தோன்றிய பெயர்களே. 1603 மே மாதத்தில் பின்னது மன்னரின் குழுவாயிற்று. மறு ஆண்டு அரச ஊர்வலத்துக்கென அக்குழுவினருக்கு ஆளுக்கு நாலரை யார் சிவப்புத் துணி வழங்கப்பட்டது. ஷேக்ஸ்பியரும் அத்துணியைப் பெற்றவருள் ஒருவர். ஆயின் இப்பிரபுக்கள் தம் பெயரையும் பாதுகாப்பையும் அளித்தனரேயன்றி நடிகரின் வயிற்றை நிரப்பினாரல்லர். அவர்களது வருவாய் நகரத்துப் பொதுமக்களிடமிருந்தே வந்தது. நிலமானிய உறவின் சீருடையை அணிந்துகொண்டு சந்தையிலே கடை விரித்தவர்கள் இவர்கள் எனலாம். இம்முரண்பாட்டை மனங்கொள்ளாது அக்கால நாடகத்தை அரசவைக் கலையென்றோ மக்கட்கலையென்றோ ஒரே சொல்லில் அடக்க முற்படுவோர் இடர்ப்படுவது இயல்பே.

கடை விரிப்பதற்கு இடம் வேண்டும். ஜேம்ஸ் பேர்பேஜ் தச்சுத்தொழில் பயின்று பின் நடிகரானவர். அவரது மைத்துனர் ஜோன் பிறெய்ன் ஒரு பலசரக்கு வணிகர். இருவரும் சேர்ந்து 1576 இல் நகரெல்லைக்கு வெளியே ஷோடிச்சில் 21 ஆண்டுக் குத்தகை நிலமொன்றில் ‘தியேட்டர்’ என்ற அரங்கினைக் கட்டினர். பணத்திற் பெரும்பகுதி வணிகருடையது, தொழிலறிவு நடிகருடையது. இவ்விணைப்பு நீடிக்கவில்லை. பொதுப் பணப்பெட்டிக்குக் கள்ளத் திறப்பொன்றைச் செய்து பேர்பேஜ் காசை எடுத்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்த வழக்குகளிற் பதிவாகியுள்ளது. பிறெய்ன் 1586 இல் மறைந்தபின் அவரது விதவை தன் பாதிப் பங்கைக் கேட்டு ஆட்களோடு 1590 இல் அரங்க வாயிலுக்கு வந்தபோது, பேர்பேஜின் மகன் றிச்சாட் தும்புத்தடியால் அவர்களை விரட்டினார் எனவும் சாட்சியங்கள் கூறுகின்றன. பிற்காலத்தில் ஹம்லெற்றாகவும் ஒதெல்லோவாகவும் மேடையேறி உலகப் புகழ்பெற்ற நடிகரின் பெயர் நீதிமன்ற ஏடுகளில் இவ்விதமாகத் தோன்றுவது சுவையானதுதான். ஆனால் இதனைக் குடும்பச் சச்சரவாக மட்டும் கொள்ளலாகாது. முதலீடு செய்தவருக்கும் உழைத்தவருக்கும் இடையே வருவாயை எவ்வாறு பகிர்வது என்பதற்கு நியமம் எதுவும் உறுதிப்படாத ஒரு புதிய தொழிலின் தொடக்க நிலை அங்கே தெரிகிறது.

படிப்படியாக உருவான நியமம் பின்வருமாறு: முற்றத்தில் நிற்போர் கொடுக்கும் பெனி நடிகருக்கு, மாடங்களில் அமர்வோர் மேலதிகமாகக் கொடுக்கும் காசிற் பாதி அரங்கக் கட்டடத்தின் உடைமையாளருக்கு, மறுபாதி நடிகருக்கு. 1599 இல் இலண்டனுக்கு வந்த சுவிற்சலாந்துக்காரரான தோமஸ் பிளாற்றர், நிற்பதற்கு ஒரு பெனி, இருப்பதற்கு மேலும் ஒன்று, மெத்தையிட்ட நல்ல இடத்துக்கு இன்னுமொன்று எனக் கட்டண முறையை விவரித்துள்ளார். நகரத்துக் கைவினைஞர் ஒருவரின் நாட்கூலி அக்காலத்தில் ஏறத்தாழ 12 பென்ஸ். அதாவது, அவரது நாளுழைப்பிற் பன்னிரண்டிலொரு பங்கு அவரை அரங்கினுள் அனுமதித்தது. பிரபு ஒருவரின் கொடைக்கு மாற்றாக ஆயிரம் பேரின் பெனிகள் வந்து சேர்ந்தன. ஆனால் அதே நகரத்து மக்களே மீண்டும் மீண்டும் வரவேண்டியிருந்தமையால் ஒரே நாடகத்தைத் தொடர்ந்து நடிக்க முடியவில்லை. 1594-95 ஆம் ஆண்டுப் பருவத்தில் அட்மிரல் பிரபுவின் குழு 38 நாடகங்களை மேடையேற்றியது. அவற்றுள் 21 புதியன. இங்கிலாந்தின் மறுமலர்ச்சி நாடகம் ஏன் அவ்வளவு குறுகிய காலத்தில் அவ்வளவு பெருகியது என்ற வினாவுக்குத் தேசிய எழுச்சி, மனிதாபிமானச் சிந்தனை என்றெல்லாம் விடை கூறுவோர் இவ்விரண்டு எண்களையும் சற்றே சிந்திப்பது நன்று.

இவ்வெண்கள் நமக்குக் கிடைப்பது ஒரு கணக்கேட்டிலிருந்தாகும். பிலிப் ஹென்ஸ்லோ சாயத்தொழிற் சங்கத்தைச் சேர்ந்தவர். மாப்பசை செய்தல், வீடுகளை வாடகைக்கு விடுதல், அடைவு பிடித்தல் எனப் பல தொழில்களைச் செய்தவர். 1587 இல் றோஸ் அரங்கைக் கட்டிய அவர், 1592 முதல் தம் அரங்க வரவுசெலவைக் குறித்து வைத்தார். அவரது சகோதரர் முன்னர் சுரங்க, இரும்புருக்குக் கணக்குகளை எழுதிய ஏட்டின் எஞ்சிய பக்கங்களே அதற்குப் பயன்பட்டன. இரும்புக் கணக்கின் பின்பக்கத்தில் நாடகக் கணக்கு எழுதப்பட்டமை தற்செயலே; எனினும் இதனிலும் பொருத்தமான ஏடு வேறு கிடைத்திருக்காது. இன்று டல்விச் கல்லூரியில் உள்ள அவ்வேட்டை 1845 இல் முதன்முதல் அச்சிட்ட ஜோன் பெய்ன் கொலியர், தம் கைச்சரக்காகச் சில போலிக் குறிப்புகளையும் அதிற் புகுத்திவிட்டார். பின்வந்த பதிப்பாசிரியர்கள் அவற்றை இனங்கண்டு நீக்கவேண்டியதாயிற்று.

அவ்வேட்டில் நாம் காண்பவை யாவை? 1590 களின் இறுதியில் ஒரு நாடகத்துக்கு ஆசிரியருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 6 பவுண். மூவரோ நால்வரோ சேர்ந்து எழுதின் அத்தொகையே பிரிக்கப்பட்டது. பணம் கைமாறியபின் நாடகப் பிரதி குழுவின் சொத்து; அது நூறுமுறை நடிக்கப்படினும் எழுதியவருக்கு உரிமை எதுவுமில்லை. தோமஸ் டெக்கர் 1598 முதல் 1602 வரை தனித்தும் பிறரோடும் ஏறத்தாழ 40 நாடகங்களுக்காக ஹென்ஸ்லோவிடம் ஊதியம் பெற்றார். அதே டெக்கரைக் கடன் சிறையிலிருந்து மீட்பதற்காக 1598 பெப்ரவரியில் 40 சிலிங் கொடுக்கப்பட்டதும் அவ்வேட்டிற் பதிவாகியுள்ளது. பின்னாளில், 1612 முதல் ஏழாண்டுகள், அவர் மீண்டும் கடனுக்காகச் சிறையிருந்தார். தோமஸ் ஹேவுட் 1603 இல் எழுதிய ‘அன்பினாற் கொல்லப்பட்ட பெண்’ என்னும் நாடகத்துக்கு அவருக்குக் கிடைத்தது 6 பவுண். அதில் வரும் தலைவியின் கறுப்பு வெல்வெற் அங்கிக்குச் செலவானது 6 பவுண் 13 சிலிங். துணுக்காகக் கூறப்படும் செய்தி இதுதான். இதைக் கேட்டுச் சிரிப்பதோடு நின்றுவிடுகிறோம். அங்கி திரும்ப விற்கக்கூடிய, அடைவு வைக்கக்கூடிய, வேறு நாடகங்களிலும் பயன்படுத்தக்கூடிய சொத்து. எழுத்தோ தட்டுப்பாடின்றி வாங்கக்கூடிய சரக்கு. ஹென்ஸ்லோவின் கணக்கு அவ்வகையிற் பிழையற்றது.

நடிகரிலும் படிநிலை இருந்தது. குழுவிற் பங்கு உடையோர் எட்டுப் பத்துப் பேரே. ஏனையோர் வாரக் கூலிக்கு அமர்த்தப்பட்டோர். 1597 இல் தோமஸ் ஹேர்ண் என்பவர் முதலாண்டில் வாரம் 5 சிலிங், மறு ஆண்டில் 6 சிலிங் 8 பென்ஸ் என்ற ஒப்பந்தத்திற் கட்டுப்பட்டார். அதே ஆண்டில் வில்லியம் கெண்டல் என்பவருக்கு இலண்டனில் 10 சிலிங். குழு நாட்டுப்புறம் சென்றால் 5 சிலிங். இவர்களுக்கும் கீழே பெண் பாத்திரங்களை நடித்த சிறுவர். 1597 டிசம்பர் 18 ஆந் திகதியிட்ட குறிப்பொன்று, ஜேம்ஸ் பிறிஸ்டோ என்ற சிறுவனை ஒரு நடிகரிடமிருந்து 8 பவுணுக்கு வாங்கியதைத் தெரிவிக்கிறது. ஏட்டில் உள்ள சொல் ‘வாங்கினேன்’ என்பதே. பின்னர் அச்சிறுவனின் உழைப்புக்காக வாரம் 3 சிலிங் வீதம் குழுவிடம் அறவிடப்பட்டது. பணம் சென்றது ஹென்ஸ்லோவிடம். பயிற்சிக்குரிய ஆண்டுகளைக் கைமாற்றுவது அக்காலக் கைத்தொழிற் சங்கங்களின் வழமையே எனச் சிலர் சமாதானம் கூறலாம். வழமையென்பது உண்மை. ஆனால் ஒரு நாடகத்தை 6 பவுணுக்கும் ஒரு சிறுவனை 8 பவுணுக்கும் ஒரே பேனாவாற் பதிந்த ஏட்டை நாடக வரலாற்றின் மூல ஆவணமாகப் படிப்போர் இவ்வரியைக் கடந்து விரைந்துவிடலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் சிலர் ஹென்ஸ்லோவைக் கல்வியறிவற்ற வட்டிக்காரராக இகழ்ந்தனர். அண்மைக் காலத்தோர் அதனை மறுத்து, அவர் நெருக்கடியில் நடிகருக்குக் கைகொடுத்த வங்கியாளரே என்கின்றனர். இரு கூற்றுகளும் மனிதரின் குணத்தையே பேசுகின்றன. அவர் நல்லவரா தீயவரா என்பது நம் வினாவன்று. கடன் எவ்வகையில் தொழிற்பட்டது என்பதே வினா. 1600 ஜூலையில் அட்மிரல் குழுவினர் தாம் அவருக்கு 300 பவுண் கடன்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டனர். 1614 இல் றொபேட் டோஸ் என்னும் நடிகர் செய்த ஒப்பந்தத்தில், ஒத்திகைக்குப் பிந்தினால் 12 பென்ஸ், வராவிட்டால் 2 சிலிங், நாடகம் தொடங்கும்போது உடை அணிந்து ஆயத்தமாக இல்லையேல் 3 சிலிங், குடிபோதையில் இருந்தால் 10 சிலிங், குழுவின் உடையோடு வெளியேறினால் 40 பவுண் எனத் தண்டங்கள் வரையறுக்கப்பட்டன. ஆலைத் தொழிலாளருக்குப் பிற்காலத்தில் விதிக்கப்பட்ட தண்டப் பட்டியல்களை அறிந்தோருக்கு இது புதிதாகத் தோன்றாது. 1615 இல் நடிகர் தொகுத்த முறைப்பாட்டில், மூன்று ஆண்டுகளில் ஐந்து குழுக்களை ஹென்ஸ்லோ சிதைத்தார் எனவும், இவர்கள் தமது கடனிலிருந்து விடுபட்டால் தம்மால் இவர்களை ஆள முடியாதென அவரே கூறினார் எனவும் குற்றஞ்சாட்டப்பட்டது. முறைப்பாடு செய்தோர் கூற்றை நீதிபதியின் தீர்ப்பாகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும் கடன் ஆட்சியின் கருவியாகியதை அன்றைய நடிகர் தெளிவாகவே உணர்ந்திருந்தனர்.

இப்பின்னணியிலேதான் 1599 இல் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள முடியும். ஷோடிச்சு நிலத்தின் குத்தகை 1597 இல் முடிந்துவிட்டது. நில உடைமையாளரோடு இணக்கம் ஏற்படவில்லை. 1598 டிசம்பர் 28 இல் பேர்பேஜ் சகோதரர்கள் பீற்றர் ஸ்றீற் என்ற தச்சருடனும் ஆட்களுடனும் சென்று பழைய அரங்கைக் கழற்றினர். மரங்கள் தேம்ஸ் நதிக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட்டுக் குளோப் அரங்கு எழுந்தது. மரங்களைச் சுமந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பணம் போதாமற்போன கதையே நமக்கு முக்கியம். தந்தை 1596 இல் 600 பவுண் கொடுத்து வாங்கிய பிளாக்பிறையர்ஸ் மண்டபத்தில், அயலவரின் எதிர்ப்பினால் நாடகம் நடத்த முடியாது முதல் முடங்கிக் கிடந்தது. எனவே சகோதரர் இருவரும் பாதியைத் தமக்கென வைத்துக்கொண்டு, மறுபாதியை ஷேக்ஸ்பியர், ஹெமிங்ஸ், பிலிப்ஸ், போப், கெம்ப் ஆகிய ஐந்து நடிகருக்குப் பங்காக அளித்தனர். 1599 பெப்ரவரி 21 ஆந் திகதிக் குத்தகைப் பத்திரம் இதற்குச் சான்று. ஷேக்ஸ்பியரின் பங்கு பத்திலொன்று. முதற் பற்றாக்குறையினால் விளைந்த இவ்வேற்பாட்டின்படி, அரங்கின் கட்டடம் முதன்முறையாக அதில் நடிப்போர் பலரின் கூட்டுடைமையாயிற்று. உயர்ந்த இலட்சியமொன்றை நோக்கி அவர்கள் இதைச் செய்யவில்லை. ஆயினும் விளைவு பெரிது.

ஷேக்ஸ்பியரின் செல்வம் எழுத்தினால் வந்ததன்று என்பதை ஈண்டு அழுத்திக் கூறவேண்டும். அவர் 1602 இல் 320 பவுணுக்கு நிலமும், 1605 இல் 440 பவுணுக்குத் தசமபாக வரி பெறும் உரிமையும் வாங்கினார். 6 பவுண் வீதம் எழுதிப் பிழைத்திருப்பின் இதற்கு நூறு நாடகங்களுக்குமேல் எழுதவேண்டியிருந்திருக்கும். அவர் நடிகராகவும், குழுவின் பங்காளராகவும், அரங்கின் உடைமையாளராகவும் மூன்று வகையிற் பயன்பெற்றார். டெக்கரிலும் அவர் மேதையாக இருந்தமையாலேயே இவ்வேறுபாடு உண்டாயிற்று என்று கூறிவிடுவது எளிது. ஆனால் ஆண்டுக்கு இரண்டு நாடகம் அளவில் எழுதவும், தம்மோடு நீண்டகாலம் இணைந்திருக்கும் நடிகரின் ஆற்றலை அறிந்து பாத்திரங்களை வளர்க்கவும், ஒரு நாடகம் தோற்றால் மறுவாரமே சிறைக்கு அஞ்சாதிருக்கவும் அவருக்கு வாய்த்த நிலை மேதைமையினாலன்று, பங்கினாலேயே கிடைத்தது.

இதனிலும் குறிப்பிடத்தக்கது நாடகங்களின் பேணல் ஆகும். ஹென்ஸ்லோவின் ஏட்டிற் பெயர் குறிக்கப்பட்ட நாடகங்களுட் பெரும்பாலானவை அழிந்தொழிந்தன. பெயரும் விலையுமே எஞ்சின. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் 36, அவர் மறைந்து ஏழாண்டுகளின்பின், 1623 இல் ஒரே தொகுதியாக வெளிவந்தன. அவற்றுள் 18 அதற்குமுன் அச்சேறாதவை. மக்பெத், யூலியஸ் சீசர், சூறாவளி, பன்னிரண்டாம் இரவு ஆகியன இவற்றுள் அடங்கும். தொகுத்தவர்களான ஹெமிங்ஸும் கொண்டெலும் அவரது சக பங்காளர்கள். பிரதிகள் அவர்களது குழுவின் உடைமையாக இருந்தன. நெடுங்காலம் கலையாது நின்ற கூட்டுடைமைக் குழுவொன்று இல்லாதிருந்தால் நாம் மக்பெத்தை வாசித்திருக்கமாட்டோம் என்பது மிகையன்று. ‘காலத்தை வென்ற இலக்கியம்’ என்று நாம் வழமையாகக் கூறும் சொற்றொடரின் பின்னே இத்தகைய உலோகாயத நிலைமைகள் இருப்பதை விமரிசகர் மறந்துவிடுகின்றனர்.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. உடைமையை அறிந்தால் நாடகத்தை அறிந்துவிடலாம் என்ற கொச்சைப் பொருளாதாரவாதத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. மன்னரின் குழு ஏறத்தாழ 1609 முதல் பிளாக்பிறையர்ஸ் உள்ளரங்கிலும் நடிக்கத் தொடங்கிற்று. அங்கே மிகக் குறைந்த கட்டணமே 6 பென்ஸ். ஷேக்ஸ்பியரின் இறுதிக்கால அற்புத நாடகங்கள் இப்புதிய செல்வந்தப் பார்வையாளருக்காகவே எழுதப்பட்டன என வாதிப்போர் உளர். கேட்பதற்கு இது மார்க்சீய விளக்கம்போலவே ஒலிக்கும். ஆனால் சைமன் போர்மன் என்னும் சோதிடர் ‘குளிர்காலக் கதை’யை 1611 மே மாதத்தில் குளோப் அரங்கிலே, ஒரு பெனிக்காரர் நின்ற அதே அரங்கிலே, கண்டதாகக் குறித்து வைத்துள்ளார். அக்குறிப்பு அவ்வாதத்தை வலுவிழக்கச் செய்கிறது. ஒரே நாடகம் இரு வகுப்பாருக்கும் விற்கப்பட்டது. பார்வையாளரின் வகுப்பிலிருந்து நாடகத்தின் இயல்பை நேர்கோட்டில் வருவிக்க முடியாது.

இதனை இன்னும் கூர்மையாகக் காட்டுவது கொறியோலேனஸ். 1594 முதல் தொடர்ந்து விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் நிலவிய காலத்தில், 1598 பெப்ரவரியில் ஸ்ற்றட்போர்ட் நகரத்துத் தானிய இருப்பு கணக்கெடுக்கப்பட்டது. ஷேக்ஸ்பியரின் வீட்டில் 10 குவாட்டர், அதாவது 80 புசல் மோல்ற் இருந்ததாக அக்கணக்கு கூறுகிறது. அந்நகரத்தில் அவரினும் அதிகம் வைத்திருந்தோர் இருந்தனர். ஆயினும் அவர் பதுக்கியோர் வரிசையில் நின்றார் என்பதில் ஐயமில்லை. 1607 இல் அவரது சொந்த வோறிக்ஷயர் உள்ளிட்ட நடு இங்கிலாந்தில் நிலங்களை வேலியடைப்பதற்கு எதிராக உழவர் கிளர்ந்தெழுந்தனர். அதற்கு அணித்தான காலத்திற் பிறந்த கொறியோலேனஸ் நாடகமோ, களஞ்சியங்களிலே தானியம் நிறைந்திருக்க நாங்கள் பட்டினி கிடக்கிறோம் என்று ஆயுதந்தாங்கிய குடிமக்கள் மேல்வகுப்பாரைக் குற்றஞ்சாட்டும் காட்சியோடு தொடங்குகிறது. உரோமப் பழங்கதையில் அக்கிளர்ச்சிக்கு வட்டிக் கொடுமையே முதன்மையான காரணம்; தானியத்தை முன்னுக்குக் கொணர்ந்தவர் ஷேக்ஸ்பியர். வயிற்றையும் உறுப்புகளையும் பற்றிய கதையைக் கூறி மெனேனியஸ் அவர்களைச் சாந்தப்படுத்த முனைகிறான். ஆனால் குடிமகன் அக்கதையை இடைமறித்துக் கேட்கும் வினாக்கள் கதையிலும் கூர்மையானவை.

களஞ்சியத்தின் உடைமையாளர் ஒருவர் பட்டினி கிடப்போரின் நியாயத்தை இவ்வளவு வலிமையாக எவ்வாறு எழுதினார்? பெருந்தன்மை எனின் அது விளக்கமாகாது. 1614 இல் வெல்கம்ப் வேலியடைப்பு முயற்சியின்போது, தமது தசமபாக வருமானம் குறையாதிருக்க உறுதிமொழி பெற்றுக்கொண்டவர் அவர். முற்றத்தில் நின்ற ஆயிரவரின் பெனிக்கு அரங்கு கட்டுப்பட்டிருந்தமை, தம் பங்கு அவர்களின் வருகையிலே தங்கியிருந்தமை, நாடகம் என்ற வடிவமே எதிர்த்தரப்பின் குரலை முழுமையாக ஒலிக்கவிடுவதை வேண்டிநின்றமை ஆகிய மூன்றும் இங்கே சேர்ந்து இயங்கியுள்ளன என்பது நமது கருத்து. அக்குரல் நாடகத்தில் இறுதிவரை நிலைக்கவில்லை என்பதும் உண்மையே. குடிமக்கள் பின்னர் எளிதில் அலைக்கழியும் கும்பலாகிவிடுகின்றனர். சொத்துடைய ஸ்ற்றட்போர்ட்காரரும் குளோப் அரங்கின் நாடகாசிரியரும் இந்நாடகத்தினுள்ளே தீராத வழக்கொன்றை நடத்துகின்றனர் போலும். ஏதென்சு நகரத் தைமனைப் பற்றியும் இவ்வாறே விரிவாகக் கூறலாம். பொன் மனித உறவுகளைத் தலைகீழாக்குவதைக் காட்டும் அதன் பகுதியை மார்க்ஸ் 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் எடுத்தாண்டமை பலரும் அறிந்தது. அந்நாடகத்தைத் தோமஸ் மிடில்ரன் உடன் சேர்ந்து எழுதினார் என்று இன்றைய ஆய்வாளர் பெரும்பாலும் ஏற்கின்றனர் என்பதும், மிடில்ரன் பங்கு எதுவுமின்றி எழுத்துக்கூலி பெற்றவர் என்பதும் அவ்வளவு அறியப்படாதவை. கடன்காரரின் வேலையாட்கள் வாயிலில் வரிசையாக நின்று பணத்தைக் கேட்கும் காட்சிகளுக்கு அவ்வனுபவம் எவ்வளவு உதவியது என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி, 1599 இல் தோன்றிய கூட்டுடைமை என்னவாயிற்று என்பதை நோக்குவோம். பங்கு விற்கக்கூடியது, மரபுரிமையாகக் கடத்தக்கூடியது. நடிகர் இறந்தபின் அது அவரது விதவைக்கும் பிள்ளைகளுக்கும் சென்றது. தீயில் அழிந்த குளோப் 1614 இல் ஏறத்தாழ 1400 பவுண் செலவில் மீளக் கட்டப்பட்டபின் பங்கின் பெறுமதியும் உயர்ந்தது. 1635 இல் பென்பீல்ட், சுவான்ஸ்ரன், பொலாட் என்ற மூன்று நடிகர், தமக்கும் அரங்கப் பங்கு விற்கப்படவேண்டுமெனக் கோரிச் சேம்பர்லேன் பிரபுவுக்கு விண்ணப்பித்தனர். அப்பத்திரங்கள் கிடைத்துள்ளன. குளோப் அரங்கின் 16 பங்குகளில் மூன்றரை கத்பேட் பேர்பேஜிடமும், மூன்றரை அவரது சகோதரர் றிச்சாட்டின் விதவையிடமும், இரண்டு கொண்டெலின் விதவையிடமும் இருந்தன. அதாவது 16 இல் 9 பங்கு, மேடையில் ஒருபோதும் ஏறாதவர்களுடையது. தாம் செலவனைத்தையும் தாங்கி நடிக்க, உடைமையாளர் சிலர் நாளொன்றுக்கு 12 சிலிங் பெறுகையில் தமக்குக் கிடைப்பது 3 சிலிங்கே என மனுதாரர் கூறினர். அதற்கு விடையளித்த கத்பேட், தம் தந்தையே முதன்முதல் நாடக அரங்கு கட்டியவர், வட்டிக்கு வாங்கிய பணத்தில் தாம் குளோப்பைக் கட்டினோம், மனுதாரர் ஒவ்வொருவரும் அவ்வாண்டில் 180 பவுண் உழைத்துள்ளனர் என்றார். 506 பவுண் கொடுத்துப் பங்குகளை வாங்கியிருந்த நடிகர் ஜோன் ஷாங்க், முதுமையில் தம் பிழைப்பைப் பறிக்கிறார்கள் என முறையிட்டார். தீர்ப்பு மனுதாரர் பக்கம் சாய்ந்தது. ஏழு ஆண்டுகளின்பின், 1642 செப்ரெம்பரில், பாராளுமன்றம் அரங்குகள் யாவற்றையும் மூடிற்று.

இவ்வழக்கில் இரு தரப்பாரும் தத்தம் உழைப்பையும் உரிமையையும் பற்றி நெஞ்சுருக எழுதியுள்ளனர். ஆண்டுக்கு 900 முதல் 1000 பவுண் வரை தமக்குச் செலவாகிறது என்று மனுதாரர் காட்டிய கணக்கில், இசைக்கும் விளக்குகளுக்கும் அருகே, கூலி நடிகரும் சிறுவரும் ஒரு செலவினமாகக் குறிக்கப்பட்டுள்ளனர். அவர்களுக்கும் பங்கு வேண்டுமென்று அப்பத்திரங்களில் எவரும் கேட்கவில்லை.